45 மைல் வேகத்தில் நடுங்கிய ஸ்டீரிங்

இங்கிலாந்தில் டெர்பி நகரத்திலிருந்து பெல்பர் போகும் வழியில் சாலை கொஞ்ச தூரம் வளைவில்லாமல் ஓடும் இடம் ஒன்று உண்டு. எங்கள் பட்டறையில் பழைய வண்டி எதை முடித்தாலும் அங்கே கொண்டுபோய்த்தான் ஓட்டிப் பார்ப்போம். அன்று நான் ஓட்டியது 1926இல் செய்த ரோல்ஸ் ராய்ஸ் 20 ஹெச்.பி. மணிக்கு 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர். இடது முன்சக்கரம் சின்னதாக ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். மறுநொடியே ஸ்டீரிங் வீல் என் கைக்குள் இடதும் வலதுமாக அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. ரேடியேட்டருக்கு இருபுறமும் நிற்கும் பெரிய ஹெட்லைட்கள் மாறி மாறித் தலையாட்டின. மட்கார்டுகள் படபடத்தன. முன் ஆக்ஸில் முழுவதும் ஓட்டப்பந்தயக்காரன் கால் மாற்றுவதுபோல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீரிங்கை நெரித்துப் பிடிக்கவும் இல்லை, நேராக வைத்தபடி விட்டுக்கொடுத்துப் பிடித்தேன். வேகம் 35 மைலுக்கு இறங்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வண்டியின் சொந்தக்காரர் மெதுவாகச் சொன்னார்: “இதைத்தான் சொன்னேன்.”

அந்தச் சமயத்தில் என் இரண்டு கட்டைவிரல்களும் ஸ்டீரிங் வளையத்துக்கு வெளியே இருந்தன. அது அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம். நாமக்கல்லில் அவருக்கு லாரி, ஜீப் வேலை. பதினைந்து வயதில் எனக்கு ஜீப் ஓட்டப் பழக்கியபோது முதல் நாளே, “கண்ணு, கட்டவெரல உள்ள வுடாத, வளையத்து மேல வெய்யி” என்றார். முன்சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீரிங் சுழன்றுவந்து ஆரத்தால், அதாவது ஸ்போக்கால், விரலை அடிக்கும், எலும்பு போய்விடும் என்றார். பவர் ஸ்டீரிங் வண்டிகளை மட்டும் ஓட்டியவர்களுக்கு இது தெரியாது. பழைய வண்டியில் ஏறுவதற்கு முன் இந்த ஒன்றையாவது பழகிக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 20 ஹெச்.பி. என்பது 1922 முதல் 1929 வரை டெர்பியில் செய்த சின்ன ரோல்ஸ் ராய்ஸ். ஆறு சிலிண்டர், 3,127 சி.சி. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்ட விரும்பும் டாக்டர்கள், வக்கீல்கள் போன்றவர்களை மனதில் வைத்து ஹென்றி ராய்ஸ் வடிவமைத்தது. மொத்தம் 2,940 வண்டிகள் செய்தார்கள். அவற்றைச் செய்த நைட்டிங்கேல் சாலைத் தொழிற்சாலையின் முகப்புக் கட்டடம் இன்னும் நிற்கிறது. நான் வேலைக்குப் போகிற பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். இங்கே பிறந்த வண்டி நூறு வருஷம் கழித்து இங்கேயே வைத்தியத்துக்கு வருகிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

சொந்தக்காரர் எங்களிடம் வைத்த புகார் இரண்டு. “ஸ்டீரிங் நடுங்குகிறது” என்பது ஒன்று. “ஸ்டீரிங் வீலே வளைகிறது, அது ஆபத்தில்லையா?” என்பது இன்னொன்று. இரண்டாவது புகாருக்கு வேறொரு பட்டறை ஏற்கெனவே வைத்தியம் பார்த்திருந்தது. நான்கு ஆரங்களுக்கும் பின்பக்கம் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்துவிட்டார்கள். ஸ்டீரிங் காலத்துக்கும் (வீலைத் தாங்கும் நீண்ட தண்டு, column) டாஷ்போர்டுக்கும் நடுவே ஒரு ஆங்கிளையும் முட்டுக்கொடுத்திருந்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடுக்கம் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாதாம், இப்போது இருபது நிமிஷத்தில் உள்ளங்கை மரத்துப்போகிறது என்றார்.

நான் சொல்ல வந்ததே இதைத்தான். அந்தக் காலத்து ஸ்டீரிங் வீல் கொஞ்சம் வளைய வேண்டும். வளைவதற்காகவே செய்தது அது. ஆனால் எந்தத் திசையில் வளைகிறது என்பது முக்கியம்.

வண்டி நிற்கும்போது வளையத்தின் உச்சியைப் பிடித்து நெஞ்சை நோக்கி இழுத்துப் பாருங்கள், அப்புறம் தள்ளிப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள வீல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்து, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அடுத்ததாக, அதே வளையத்தைத் திருப்புகிற திசையில் அசைத்துப் பாருங்கள். அங்கே வீல் கொஞ்சமும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. வளையம் எவ்வளவு திரும்புகிறதோ, நடுவே உள்ள குடமும் அந்த அளவு திரும்ப வேண்டும். மேலும் கீழும் நெகிழ்ச்சி, சுற்றும் திசையில் விறைப்பு. 1930களில் அமெரிக்கக் கார்களில் வந்த பாஞ்சோ வீலைப் பார்த்தால் இது உடனே விளங்கும். ஒவ்வொரு ஆரமும் மெல்லிய எஃகுக் கம்பிகளைப் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்த வரிசைதான். அப்படிப் படுத்த வரிசை மேலும் கீழும் லேசாக வளையும், பக்கவாட்டில் வளையாது. பிரிட்டனில் புளூமெல்ஸ், ஆஷ்பி போன்றவர்கள் விற்ற ஸ்பிரிங் ஆர வீல்களிலும் கணக்கு அதேதான். சாலையிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் காலம் வழியே ஏறிவரும் பொடி அதிர்வை அந்த ஆரங்கள் வாங்கிக்கொள்ளும், கைக்கு வராது. அதை வெல்டிங் அடித்து இறுக்கினால் அந்த அதிர்வு முழுவதும் உள்ளங்கைக்குத்தான் போகும்.

சரி, வேலைக்கு வருகிறேன். “ஸ்டீரிங் நடுங்குகிறது” என்று ஒருவர் சொன்னால் அது ஒரே நோய் இல்லை. இந்த வண்டியில் மூன்று தனித்தனி நடுக்கங்கள் இருந்தன. மூன்றையும் ஒன்றாக நினைத்துக் கையை வைத்ததால்தான் முன்னால் பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. எனக்கே முதல் வாரம் முழுக்க அதில் போய்விட்டது.

முதலாவது, வண்டி நிற்கும்போதே எஞ்சின் சுற்றும் வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் வளையத்தில் வரும் பொடிச் சிலிர்ப்பு. தேனீயைக் கைக்குள் மூடி வைத்திருப்பதுபோல் இருக்கும். இதற்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. காலமும் வீலும் சேர்ந்து ஒரு நீண்ட கம்பி, நுனியில் ஒரு பாரம். எஞ்சினின் துடிப்பு அந்தக் கம்பியின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும் வேகத்தில் அது பாடும். எல்லா வண்டியிலும் ஏதோ ஒரு வேகத்தில் இது இருக்கத்தான் செய்யும். ஓட்டும்போது அதிகம் தங்காத வேகத்தில் அதை வைத்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். முட்டுக்கொடுத்த ஆங்கிள் காலத்தை விறைப்பாக்கி, அந்தச் சிலிர்ப்பை நேராகச் சாலையில் ஓட்டுகிற எஞ்சின் வேகத்துக்கே ஏற்றிவிட்டிருந்தது. ஆங்கிளைக் கழற்றிய அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகிற புகார் பாதி தீர்ந்தது.

இரண்டாவது, 25, 30 மைல் வேகத்தில் ஸ்டீரிங் மெதுவாக இடமும் வலமும் அலைவது. மூன்றாவது, மேலே சொன்ன 45 மைல் ஆட்டம்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. நிற்கும்போது எஞ்சினை மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள், அப்போது வந்தால் எஞ்சின் பக்கம். ஓடும்போது நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டுப் பாருங்கள், அப்போதும் வந்தால் சக்கரப் பக்கம். பிரேக் போடும்போது மட்டும் வந்தால் டிரம் கோணியிருக்கலாம், அது வேறு கதை. எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் அடங்குகிறது என்பதைப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் கட்டாயம் குழம்பும்.

45 மைலுக்கு என்ன விசேஷம்? டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியைத் தரையில் ஒரு சுற்று உருட்டி அளந்தேன். 2 மீட்டர் 52 சென்டிமீட்டர். 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். ஆக முன்சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 8 சுற்று சுற்றுகிறது. அந்தக் காலத்து வண்டிக்கு முன்னால் இருப்பது முழு நீள ஒற்றை இரும்பு அச்சு. மேலே ஸ்பிரிங் பட்டை, கீழே காற்றடைத்த டயர், நடுவே இந்தக் கனத்த இரும்பு. இரண்டு ரப்பர் பந்துகளின் மேல் வைத்த தண்டவாளத் துண்டு மாதிரி, ஒரு நுனியைத் தட்டினால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும். அந்த வேகமும் நொடிக்கு 8ஐ ஒட்டியதாக இருந்துவிட்டால், சக்கரத்தில் உள்ள சிறிய பாரக் குறைபாடுகூட ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். ஊஞ்சலைத் தள்ளுவது போலத்தான்.

இதோடு நின்றால் அச்சு மட்டும் மேலும் கீழும் ஆடும். ஸ்டீரிங் ஏன் ஆட வேண்டும்? இங்கேதான் பம்பரம் வருகிறது. சுற்றுகிற பம்பரத்தை ஒரு பக்கம் சாய்த்தால் அது அந்தப் பக்கமே விழாது, சாய்வுக்குக் குறுக்கே திரும்பும். முன்சக்கரமும் சுற்றுகிற பம்பரம்தான். அச்சு ஒரு பக்கம் தூக்கினால் சக்கரம் சாய்கிறது, சாய்ந்ததும் கிங் பின்னில், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்புவதற்கு ஆதாரமான முளையில், திரும்புகிறது. திரும்புகிற சக்கரம் தன் பங்குக்கு அச்சை மறுபக்கம் சாய்க்கிறது. ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிட்டு வளர்கிறது. முன்னால் ஒற்றை அச்சு இருக்கும்வரை இந்த உறவை அறுக்க முடியாது, அடக்கி வைக்கத்தான் முடியும்.

1920களின் நடுவில் இது பெரும் தலைவலியானதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. 1923இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் குறைந்த காற்றழுத்த பலூன் டயரைக் கொண்டுவந்தது. பயணம் மெத்தைபோல் ஆனது, ஆனால் அச்சுக்குக் கீழே இருந்த ‘பந்து’ மெத்தென்று ஆகிவிட்டது. அதே ஆண்டுகளில் முன்சக்கரத்துக்கும் பிரேக் வந்தது. 20 ஹெச்.பி.க்கு அது வந்தது 1925இல். டிரம்மும் ஷூவும் ஏறியதால் அச்சு நுனியில் பாரம் கூடியது. அதற்கு முந்தைய வண்டிகளில் முன்சக்கரம் லேசு, டயர் கல்மாதிரி இறுக்கம். இந்த இரண்டு மாற்றமும் நல்ல மாற்றம்தான். இரண்டும் சேர்ந்துவந்தபோது ஸ்டீரிங்கில் பேயாட்டம் வந்துவிட்டது.

நான் முதலில் செய்தது எல்லாரும் செய்வது: வீல் பேலன்ஸ். கம்பி ஆரச் சக்கரங்கள் அவை. டயர் ஒரே சீராக ரிம்மில் உட்காரவில்லை. நீண்ட காலம் நின்றதால் ஒரு டயரில் தட்டையான இடம் இருந்தது. டயர்களை மாற்றி, ரிம்மின் கோணல் எடுத்து, ஈயப் பாரம் வைத்து எல்லாம் முடித்து ஓட்டினோம். 45 மைலில் தானாக வந்த ஆட்டம் நின்றது. ஆனால் பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் மறுபடி தொடங்கிவிடும். காற்றை 3 பவுண்டு கூட்டினால் ஆட்டம் வரும் வேகம் கொஞ்சம் மேலே போனது, குறைத்தால் கீழே வந்தது. போகவே இல்லை.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே நடுராத்திரி தாண்டிவிடும். ஆனாலும் வண்டி விஷயம் என்றால் அவர் தூங்க மாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, “கிங் பின்னு புஷ்ஷப் பாத்தியா சாமி?” என்றார்.

“பார்த்தேனுங்க அப்பா. ஜாக்கி வெச்சுத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு, பேரிங் ஆட்டம்னு நெனச்சு டைட் பண்ணிட்டேன்.”

“பிரேக்கப் புடிச்சுக்கிட்டுப் பாத்தியா?”

பார்க்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த சோதனை அது. லாரிப் பட்டறையில் நூறு முறை பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலேயும் கீழேயும் கை வைத்து உள்ளும் புறமும் அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் அது ஹப் பேரிங்கிலும் இருக்கலாம், கிங் பின்னிலும் இருக்கலாம். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் டிரம்மும் ஷூவும் ஒட்டிக்கொண்டு பேரிங் ஆட்டம் மறைந்துவிடும். அதற்குப் பிறகும் ஆடினால் அது கிங் பின் ஆட்டம். முன்சக்கரத்தில் பிரேக் உள்ள எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதைச் செய்தோம். டயர் விளிம்பில் சிறு அசைவையும் அளக்கும் டயல் கேஜ் வைத்தபோது இடது பக்கம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் ஆடியது. கிங் பின்னைத் தட்டி எடுத்துப் பார்த்தால், அதைச் சுற்றி உறைபோல இருக்கும் வெண்கலப் புஷ் இரண்டில் மேல் புஷ் பரவாயில்லை. கீழ்ப் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்து, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி கண்டிருந்தது. புஷ்ஷில் அது தலைமுடி மூன்று நான்கின் கனம்தான். மேல் புஷ்ஷுக்கும் கீழ்ப் புஷ்ஷுக்கும் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் தூரம். டயரின் குறுக்களவோ 80 சென்டிமீட்டர். ஆறு மடங்காகப் பெருகித்தான் அந்த 2 மில்லிமீட்டர் வருகிறது.

ஏன் கீழ்ப் புஷ் மட்டும் தேய்ந்தது? எண்ணெய் போகும் துவாரத்தைக் கம்பியால் குத்தினேன். பழைய சோப்பு மாதிரி இறுகிப்போன மஞ்சள் கிரீஸ் உருண்டு உருண்டு வந்தது. இந்த வண்டிகளில் எண்ணெய் ஏற்றும் வாயான நிப்பிளுக்கு ஆயில் கன்னால் கெட்டியான எண்ணெய்தான் அடிக்க வேண்டும். பிற்கால வண்டிப் பழக்கத்தில் யாரோ கிரீஸ் அடித்திருக்கிறார்கள். கிரீஸ் சில வருஷங்களில் இறுகி, வழியை அடைத்து, அதற்கப்புறம் என்ன அடித்தாலும் கீழே போகாமல் நிறுத்திவிட்டது. தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பழைய வண்டி வாங்கினால் ஓட்டுவதற்கு முன்னால் எல்லா எண்ணெய்த் துவாரங்களையும் திறந்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மறுபக்கம் எண்ணெய் கசிந்து வெளியே வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். வெளியே வரவில்லை என்றால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

வெண்கலப் புஷ் புதிதாகக் கடைந்து, இரண்டு பக்கமும் அழுத்தி ஏற்றி, மேலையும் கீழையும் ஒரே நீள ரீமரால் ஒரே ஓட்டத்தில் தேய்த்தோம். தனித்தனியாகத் தேய்த்தால் இரண்டு துளையும் ஒரே கோட்டில் நிற்காது, பின் ஒரு பக்கம் பிடிக்கும். எண்ணெய் தடவிய பின் தன் பாரத்திலேயே மெதுவாக, மிக மெதுவாக இறங்க வேண்டும். அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த அரை நிமிஷம்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த நேரம்.

25 மைல் அலைச்சல் அதோடு போயிற்று. அடுத்து முன் ஷாக் அப்சார்பர்கள். இவற்றில் ஆயில் கிடையாது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசுவதால்தான் அச்சின் ஆட்டத்தை அடக்குகின்றன. ஷாக் அப்சார்பரின் நீட்டுக் கையின் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தோம். இடது பக்கம் வலது பக்கத்தின் பாதி விசையிலேயே வழுக்கிவிட்டது, தட்டுகளில் எண்ணெய் ஊறியிருந்தது. ஸ்பிரிங் பட்டைகளைச் சுற்றியிருந்த தோல் உறைக்குள்ளும் யாரோ தாராளமாகக் கிரீஸை அப்பியிருந்தார்கள். பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று லேசாக உரசுவதும் ஆட்டத்தை அடக்குகிற சக்திதான். அதை வழுவழுப்பாக்கி, ஷாக் அப்சார்பரும் வழுக்கினால் அச்சைப் பிடித்துவைக்க ஒன்றுமே மிச்சமில்லை. சுத்தம் செய்து, இரண்டு பக்கத்தையும் ஒரே விசைக்கு இறுக்கினோம். ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு கட்டும் யூ போல்ட்களும் இரண்டு திருகு வாங்கின.

அப்புறம் டிராக் லிங்க். ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இந்தக் கம்பியின் இரு நுனியிலும் பந்து மூட்டு உண்டு, அதற்கு அணையாக ஒரு ஸ்பிரிங் உண்டு. சாலையின் அடியை அந்த ஸ்பிரிங் முதலில் வாங்கிக்கொள்ளும். முன்பு பார்த்தவர்கள் ஆட்டத்தை நிறுத்துகிற எண்ணத்தில் மூடியை முழுவதுமாக இறுக்கி, ஸ்பிரிங்கைக் கட்டையாக்கிவிட்டிருந்தார்கள். முழுக்க இறுக்கி, பிறகு சுமார் அரைச் சுற்று தளர்த்தி, மூடி கழலாமல் இருக்க ஸ்பிளிட் பின் போட வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பட்டறை மூன்று இடத்தில் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறது. வீலை இறுக்கியது, காலத்தை இறுக்கியது, டிராக் லிங்க்கை இறுக்கியது. மூன்றும் நெகிழ வேண்டிய இடங்கள். இறுக்கமாக இருக்க வேண்டிய கிங் பின்னும் யூ போல்ட்டும் தளர்ந்து கிடந்தன. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆடுவதைக் கண்டால் இறுக்கத்தான் யாருக்கும் கை போகும்.

ஸ்டீரிங் வீலைக் கடைசியில் எடுத்தேன். வெல்டிங் பட்டைகளைப் பொறுமையாக அறுத்துத் தேய்த்து எடுத்ததும் ஆரங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் சுத்தமாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசி வைத்தேன். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடாகத் தெரியும். கால் மணி நேரத்தில் ஓர் ஆரத்தில், குடத்தோடு சேரும் இடத்தில், வெல்டிங் முடிந்த விளிம்பை ஒட்டி மயிரிழைபோல ஒரு கோடு எழுந்தது. நூறு வருஷம் வளைந்து நிமிர்ந்தும் உடையாத ஆரம் அது. பக்கத்தில் பட்டை வைத்து இறுக்கியதும் வளைவு முழுவதும் அந்த விளிம்பில் வந்து குவிந்து விரிசல் விட்டிருந்தது. ஓடும்போது அது முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொந்தக்காரரிடம் நான் விளக்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். அந்த ஆரங்களை ஒதுக்கிவிட்டு, பழைய அளவிலேயே புதிதாகச் செய்து, அதே வளையத்தைப் பொருத்திக் கொடுத்தோம். ஸ்டீரிங் வீல் நெகிழ்வது பயமாகத் தோன்றினால் இந்தச் சுண்ணாம்புச் சோதனையைச் செய்யுங்கள். கோடு தெரியவில்லை என்றால் மேற்பரப்பில் விரிசல் தென்படவில்லை என்று அர்த்தம். கோடு தெரிந்தால் வெல்டிங் மிஷின் பக்கமே போகாமல் வீலை மாற்றுங்கள்.

ஸ்டீரிங் ஆட்டத்தை எண்ணெயால் அடக்கும் ஹைட்ராலிக் ஸ்டீரிங் டேம்பர் ஒன்றைப் போட்டால் வேலை சுலபமாக முடிந்திருக்குமே என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். முடிந்திருக்கும்தான். ஜீப்புகளுக்கு அப்படிப் போடுவதுண்டு. ஆனால் தேய்ந்த கிங் பின்னை அது மூடி மறைத்துவிடும், உள்ளே தேய்மானம் நடந்துகொண்டே இருக்கும். நான் எதிர்த்தேன். இன்றைக்கும் எதிர்ப்பேன்.

அந்தக் காலத்து ஆட்கள் இந்த ஆட்டத்தை அடக்கக் கண்ட உபாயங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பம்பர். 1930களின் ரோல்ஸ் ராய்ஸ் 20/25, ஃபேன்டம் II, அப்போது டெர்பியில் செய்த பென்ட்லி ஆகியவற்றின் முன் பம்பரைப் பார்த்திருந்தால், இரண்டு நுனியிலும் உருளையாகக் கனமாக ஏதோ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அலங்காரம் என்று பலரும் நினைக்கிறார்கள். வில்மட் பிரீடன் செய்த அந்த ‘ஹார்மோனிக்’ பம்பரில் அவை அளந்து வைத்த பாரங்கள். வண்டியின் முன் சட்டம் முறுக்கி ஆடத் தொடங்கினால், வளையும் பம்பரின் நுனியில் உள்ள பாரங்கள் அதற்கு எதிர்த் திசையில் ஆடி அந்தச் சக்தியைத் தின்றுவிடும். அமெரிக்காவில் பேக்கார்டு 1932இல் இதே யோசனையைப் பம்பர் நுனியில் எண்ணெயும் ஸ்பிரிங்கும் அடைத்த உருளைக்குள் பாரத்தை மிதக்கவிட்டுச் செய்தது. உயர் அழுத்த மின்கம்பிகளில் கோபுரத்துக்குப் பக்கத்தில் குட்டி டம்பெல் மாதிரி தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? காற்றில் கம்பி அதிர்வதை அடக்க ஸ்டாக்பிரிட்ஜ் என்பவர் 1920களில் கண்டுபிடித்தது அது. பம்பர் பாரமும் மின்கம்பி டம்பெலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதனால்தான் 1930களின் வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அந்த பம்பரைக் கழற்றி அழகுக்கு மெல்லிய பம்பர் மாட்டாதீர்கள். அதில் பாரத்தை மாற்றவும் வேண்டாம். கழற்றிவிட்டு, “ஸ்டீரிங் ஆடுகிறது” என்று வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் 1926 வண்டிக்கு அந்த பம்பர் கிடையாது. அந்த வண்டி பிறந்து ஒரு தலைமுறை போவதற்குள் நோயின் வேரையே வெட்டிவிட்டார்கள். ராய்ஸிடம் வேலை கற்ற மாரிஸ் ஆலி, ரோல்ஸ் ராய்ஸின் அமெரிக்கக் கிளையான ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து 1930இல் கேடிலாக்குக்குப் போனார். இரண்டு முன்சக்கரத்தையும் ஒற்றை அச்சில் கட்டாமல் தனித்தனியாகத் தொங்கவிடும் சஸ்பென்ஷன் அவரும் கூட்டாளிகளும் உழைத்து 1934 மாடல் கேடிலாக்கில் வந்தது. ஒரு சக்கரம் ஏறினால் மற்றது சாயாது. பம்பரம் பம்பரத்தைத் தூண்டும் வழி அடைபட்டது. 1936இல் டெர்பி செய்த ஃபேன்டம் III வண்டியும் தனித்தனி முன் சஸ்பென்ஷனுக்கு வந்துவிட்டது.

ஆறாவது வாரம், அதே நேர்ச்சாலை. இந்த முறை சொந்தக்காரர் ஓட்டினார், நான் பக்கத்தில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். 40, 43, 45. அதே பள்ளம். இடது ஹெட்லைட் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது. ஸ்டீரிங் வளையம் அவர் விரல்களுக்குள் ஒருமுறை மூச்சு விட்டதுபோல் லேசாக வளைந்து நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கட்டைவிரல்கள் இரண்டும் வளையத்துக்கு வெளியே இருந்தன.

ஸ்பேர் வீல் மட்டும் இன்னும் பேலன்ஸ் செய்யாமல் இருக்கிறது. வழியில் பங்சராகி அதை மாட்ட நேர்ந்தால் 40 மைலுக்கு மேல் போக வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டீரிங் காலத்தில் கட்டிவிட்டிருக்கிறேன்.